விளையாட்டில் அவர்களுக்கும் ஓர் இடம்
(பங்கின் வெள்ளி விழா இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

விழாவையொட்டிக் கோவில் மைதானத்தில் ஓட்டப்பந்தயம், கபடி, கயிறு இழுத்தல் எல்லாம் சிறப்பாக நடந்தன. மகிழ்ச்சி! ஆனால் நடக்க இயலாத நம் பிள்ளைகள் அந்த வேளையில் எங்கே இருந்தார்கள்? திண்ணையில் இருந்தார்கள், அல்லது வீட்டுக்குள்ளே இருந்தார்கள்.

டுஷேன் என்னும் தசைச் சிதைவு நோய் கண்ட சிறுவர்களுக்குப் பெரும்பாலும் 12 வயதையொட்டி நடை நின்றுவிடுகிறது. கையைத் தூக்க முடியாமற் போன பின்னரும் விரல் அசைவு பல ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். நடை நின்றதும் தோழர்களின் வருகையும் குறைகிறது. நோயைவிட அந்தத் தனிமையே கொடிது.

"வீடியோ கேமா? பிள்ளையைக் கெடுக்கும் சங்கதியாயிற்றே!" என்று பெரியவர்கள் கேட்கலாம். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சுதான், மறுக்கவில்லை. ஆனால் ஓடியாடும் பிள்ளைக்கு அது பத்து விளையாட்டுகளில் ஒன்று. வீட்டோடு இருக்கும் பிள்ளைக்கோ, ஊர்ப் பிள்ளைகளோடு சரிசமமாக மோதி, வென்று, தோற்று, சண்டையிட்டுச் சமாதானமாகும் களமே அதுதான்.

அந்தக் களத்திலும் ஒரு தடை உண்டு. விளையாடும் கருவி இரண்டு கைகளுக்கும் வேகமான விரல்களுக்கும் அளந்து செய்யப்பட்டது. நாம் காவிரிப் பாசன மக்கள். மேட்டு வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் ஏறாவிட்டால் வயலையா குறை சொன்னோம்? ஏற்றம் இறைத்தோம், பம்புசெட் வைத்தோம். இங்கும் மாற வேண்டியது கருவியே, பிள்ளையல்ல.

உலகம் இதை உணரத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் 2004-இல் ஏபிள்கேமர்ஸ், இங்கிலாந்தில் 2007-இல் ஸ்பெஷல்எஃபெக்ட் என்ற தொண்டு நிறுவனங்கள் இதற்கென்றே தோன்றின. அவர்களுடைய ஆலோசனையோடு மைக்ரோசாஃப்ட் 2018-இல் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரை வெளியிட்டது. அதில் 3.5 மில்லிமீட்டர் துளைகள் 19 உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தானைச் செருகி, முழங்கையாலோ, காலாலோ, தலையாலோ அழுத்தி விளையாடலாம். 2023-இல் சோனியும் இத்தகைய கருவியொன்றைக் கொண்டுவந்தது.

"அதன் விலை நமக்குக் கட்டுமா?" என்பீர்கள். அது இல்லாமலும் தொடங்கலாம். பழைய கணினி மவுஸைப் பிரித்து, இடது பொத்தானின் இரு முனைகளிலும் கம்பி பற்றவைத்து, வெளியே பெரிய பொத்தானொன்றில் இணைத்தால் போதும். உள்ளங்கையால் தட்டி விளையாடலாம். செல்போன் பழுதுபார்க்கும் தம்பிகளுக்கு இது எளிய வேலை. வீட்டு மின்சாரத்தோடு மட்டும் இதை இணைக்கக் கூடாது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், புன்னகைத்தோ புருவத்தை உயர்த்தியோ கைபேசியை இயக்கும் வசதியும் உண்டு. அது சற்று மெதுவானது. ஆயினும் சதுரங்கத்துக்கும் தாயத்துக்கும் போதும்.

நம் பக்கத்துத் திருச்சியைச் சேர்ந்த ஜெனிதா ஆன்டோ, இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர். உடல் ஊனமுற்றோருக்கான உலகச் சதுரங்கப் போட்டியில் பலமுறை பெண்கள் பட்டம் வென்றவர். காய் நகர்த்த இடம் கிடைத்தது, அறிவு வெளிப்பட்டது.

இது சலுகையும் அல்ல. 2007-இல் இந்தியா ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக விளையாட வேண்டும் என்கிறது. 2016-ஆம் ஆண்டின் நமது சட்டமும் பொழுதுபோக்கில் அவர்களுக்குரிய சம உரிமையைக் காக்கச் சொல்கிறது.

இளைஞர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். முதலாவது, பங்கிலுள்ள இத்தகைய பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று, எந்த விரல், எந்த அசைவு நன்றாக இயங்குகிறது என்று அவர்களையே கேளுங்கள். இரண்டாவது, அதற்கேற்ற பொத்தானைச் செய்து கொடுங்கள். மூன்றாவதே முக்கியமானது: கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், அருகில் அமர்ந்து விளையாடுங்கள். இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்காதீர்கள்; தோற்றால் உண்மையாகத் தோற்றுப் போங்கள்!

அடுத்த ஆண்டு விழாவின் பரிசுப் பட்டியலில் அவர்களுடைய பெயர்களும் வாசிக்கப்பட வேண்டும்.