பாகாவின் எடை

 

போன வாரம் வகுப்பு முடிந்ததும் ஒரு அக்கா என்னிடம் வந்தார். அவர் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறார். அந்த வீட்டில் பெரிய நாய் ஒன்று இருக்கிறது. உடம்பு முழுவதும் புசுபுசுவென்று முடி. "தங்கச்சி, அது குண்டாக இருக்கிறதா, இளைத்திருக்கிறதா, சரியாக இருக்கிறதா? பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையே!" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. நமது கொல்கத்தாவில் இப்படிப்பட்ட நாய்கள் நிறைய உண்டு. காலிஃப் தெருவில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். புசுபுசு முடி உள்ள குட்டியைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். வாங்குவது வீட்டுக்காரர். ஆனால் சோறு வைப்பதும் நடக்கக் கூட்டிப் போவதும் பல வீடுகளில் யார்? நம்மைப் போன்றவர்கள்தான். அதனால் இது நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

நான் கால்நடை மருத்துவர் அல்ல. பன்னிரண்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனாலும் இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்கிறேன்.

என் அம்மா ரவீந்திர சரோவர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். அங்கே வயதான கணவன், மனைவி இருவர் மட்டும் இருந்தார்கள். அவர்கள் வளர்த்த நாயின் பெயர் பாகா. கோல்டன் ரெட்ரீவர் இனம். பொன் நிற முடி. வாலை ஆட்டினால் விசிறி வீசுவது போல இருக்கும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், "அப்பா! எவ்வளவு குண்டு!" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அந்தப் பெரியவர் பாகாவின் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். "மாஷி, இனிமேல் பாதிதான் வையுங்கள்" என்றார். இந்த ஊரில் வேலைக்கு வரும் பெண்களை மாஷி என்றுதானே கூப்பிடுகிறார்கள்? அம்மாவும் சொன்னபடி செய்தார்.

ஆனால் பாகாவுக்குத் தினமும் முடி சீவிவிடுவது அம்மா. சீப்பு போகும்போது விலா எலும்பு தட்டியது. முதுகு எலும்பும் கைக்குத் தெரிந்தது. தண்ணீர்ப் பானையை முன்பு ஒரு தடவை நிரப்புவார். இப்போது மூன்று தடவை நிரப்பினார். அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. "எனக்கு என்ன தெரியும்? படித்தவர்கள் சொல்கிறார்கள்" என்று இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டார்.

ஒரு நாள் பாகா மாடிப்படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். எடை பார்த்தார்கள். 24 கிலோ! அந்த இனத்தில் வளர்ந்த ஆண் நாய் ஏறக்குறைய 29 முதல் 34 கிலோ வரை இருக்கும். ரத்தத்தைச் சோதித்தார்கள். சர்க்கரை நோய். மனிதருக்கு வருவது போல நாய்க்கும் அது வரும். தாகம் கூடும். சிறுநீர் அதிகம் போகும். நன்றாகச் சாப்பிட்டாலும் உடம்பு இளைக்கும்.

"எப்போதிலிருந்து இளைக்கிறது?" என்று மருத்துவர் கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. பிறகு பாகாவின் ஊசி அட்டையைக் கொண்டு வந்தார்கள். அது சமையலறை ஆணியில்தான் தொங்கியது. அதில் முந்தைய ஆண்டு எடை எழுதியிருந்தது: 31 கிலோ. ஏழு கிலோ போய்விட்டது. அம்மா அந்த அட்டையைத் தினமும் தூசி தட்டி மாட்டுவார். ஆனால் அதில் இருந்ததைப் படிக்கத் தெரியாது.

பாகாவுக்குத் தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி போட்டார்கள். உடம்பு தேறியது. ஆனால் கண்ணில் புரை விழுந்து பார்வை போய்விட்டது. அதன் பிறகு இரண்டு ஆண்டு இருந்தது. அம்மாவின் காலடிச் சத்தத்தைக் கேட்டே வாலை ஆட்டும்.

"அன்றைக்கே சொல்லியிருக்கலாம்" என்று அம்மா இப்போதும் சொல்வார். அந்த அட்டைதான் அவரை நாற்பது வயதில் படிக்க வைத்தது.

இந்தக் கதையிலிருந்து என்ன தெரிகிறது? கண் பார்ப்பது முடியை. உடம்பு முடிக்கு உள்ளே இருக்கிறது. ஆகவே கையால் பார்க்க வேண்டும். பார்த்ததை எழுதி வைக்க வேண்டும்.

கையால் எப்படிப் பார்ப்பது? இப்போதே செய்து பார்ப்போம். எல்லோரும் கையை நீட்டுங்கள்.

முதலில் இடது கையை முஷ்டியாக மடக்குங்கள். மேலே நிற்கும் கணுக்களை வலது கை விரலால் தடவுங்கள். எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது அல்லவா? நாயின் விலா இப்படி இருந்தால் அது இளைத்திருக்கிறது.

இப்போது கையை விரியுங்கள். புறங்கையைத் தடவுங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பு தெரிகிறது. அழுத்த வேண்டியதில்லை. விலா இப்படி இருந்தால் எடை சரி.

கையைத் திருப்புங்கள். உள்ளங்கையைத் தடவுங்கள். மெத்தென்று இருக்கிறது. அழுத்தினால்தான் எலும்பு தெரியும். விலா இப்படி இருந்தால் நாய் குண்டு.

பார்த்தீர்களா? அளவுகோல் நம் கையிலேயே இருக்கிறது!

இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். நாய் நிற்கும்போது மேலிருந்து இரண்டு கையாலும் முடியை அமுக்கிப் பிடியுங்கள். விலாவுக்குப் பின்னால் இடுப்பு கொஞ்சம் குறுக வேண்டும். பிறகு பக்கவாட்டில் பாருங்கள். நெஞ்சைவிட வயிறு சற்று மேலே ஏறியிருக்க வேண்டும். குளிப்பாட்டும் நாள் இதற்கு நல்ல நாள். முடி நனைந்து ஒட்டியதும் உடம்பின் உருவம் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பழகாத நாயிடம் இதைச் செய்யாதீர்கள். சாப்பிடும் நாயையும் தொடாதீர்கள்.

அடுத்தது எடை. பெரிய நாயைத் தூக்க முடியாது. மளிகைக் கடையில் மூட்டை நிறுக்கும் எடை மேடை இருக்கும். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு நாயோடு நீங்களும் ஏறி நில்லுங்கள். பிறகு நீங்கள் மட்டும் நில்லுங்கள். இப்போது கழித்தல் கணக்கு. இரண்டு பேருக்கும் சேர்த்து 82 கிலோ. உங்களுக்கு 50 கிலோ. 82-இல் 50 போனால்? ஆம், 32. நாயின் எடை 32 கிலோ.

எடை மட்டும் போதுமா? போதாது. ஒரே இனத்திலும் சிறிய உடம்பு உண்டு, பெரிய உடம்பு உண்டு. எடையும் வேண்டும், கையால் பார்ப்பதும் வேண்டும்.

பாகா இளைத்த நாய். ஆனால் மாடி வீடுகளில் அடைந்து கிடக்கும் நாய்கள் பெரும்பாலும் குண்டாவதுதான் வழக்கம். காலையில் தாத்தா பிஸ்கட் போடுவார். சமையல்காரர் ரொட்டி போடுவார். பிள்ளை சந்தேஷில் பாதி கொடுக்கும். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. எல்லோரும் அன்பாகத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த எடையைச் சுமப்பது நாயின் மூட்டும் இதயமும். நம் ஊர் வெயிலில் குண்டு நாய்க்கு மூச்சு வாங்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு விட்டுத்தான் சூட்டைத் தணிக்கும்.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். பாதி நாய்களுக்கு மற்ற பாதியைவிட நான்கில் ஒரு பங்கு குறைவாகச் சாப்பாடு. அவற்றின் ஆயுள் முழுவதும் கவனித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். அளவாகச் சாப்பிட்ட நாய்கள் ஏறக்குறைய 2 ஆண்டு அதிகம் வாழ்ந்தன. நாயின் ஆயுளில் 2 ஆண்டு சின்ன விஷயமா?

அப்படியானால் குண்டு நாயைப் பட்டினி போடலாமா? கூடாது. முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தைராய்டு நோயாலும் உடம்பு பெருக்கும். நோய் இல்லை என்றால் மெல்லக் குறைக்கலாம். வாரத்துக்கு எடையில் நூற்றில் ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு வரை. 40 கிலோ நாய் என்றால் வாரம் 400 முதல் 800 கிராம். ஒரே கிண்ணத்தால் அளந்து வையுங்கள். இடையில் கொடுக்கும் தீனி ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வெயில் காலத்தில் விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் நடத்துங்கள்.

இன்னொன்று. பெரிய நாயின் வயிறு திடீரென்று உப்பினால், வாந்தி வராமல் ஓக்காளித்தால், அது கொழுப்பு அல்ல. இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

எங்கே போவது? நம் ஊரில் விலங்கு மருத்துவம் பழைய கதை. ஆசியாவிலேயே முதன்முதலில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் தொடங்கியது இங்கேதான். 1861-இல் கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்பவர் தொடங்கினார். பெல்காச்சியாவில் பழைய கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்த இடத்தில் இப்போது பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்கிறார்கள். மெட்ரோ ரயிலில் பெல்காச்சியா நிலையத்தில் இறங்க வேண்டும்.

அங்கே போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். அதில் மாதம் ஒரு தடவை நாலு வரி எழுதினால் போதும்:

தேதி:
எடை:
விலா: முஷ்டி, புறங்கை, உள்ளங்கை, எது?
சாப்பாடு எத்தனை கிண்ணம், தண்ணீர் எத்தனை தடவை:

என் அம்மா பாகாவுக்கு இப்படி ஒரு நோட்டு வைத்திருந்தார். எழுத்து கோணலாக இருக்கும். எண்கள் சரியாக இருக்கும். மருத்துவர் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பார். பெரியவரும், "மாஷி, என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டுத்தான் சாப்பாட்டை மாற்றுவார்.

அக்கா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். நாளைக்கு அந்த நாயின் முடியைச் சீவும்போது விலாவைத் தொட்டுப் பாருங்கள். தெரிந்ததை எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அடுத்த வாரம் வரும்போது நோட்டைக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து படிப்போம்.