சீனியும் புகையும் காசமும்

(எமது சங்கத்தின் பங்குனி மாத ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நான் வைத்தியன் இல்லை. ஊரிலே ஏ.எல். மட்டும் உயிரியல் படித்தனான், அதோடு சரி. இங்கே ஜேர்மனிக்கு வந்து இரும்பு வார்க்கிற தொழிற்சாலையில் பதினொரு வருசமாக வேலை செய்கிறேன். தலைவர் என்னிடம், "சித்திரை வருசம் வருகுது, ஏதாவது பேசும் தம்பி" என்று கேட்டவர். காசநோய் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, ஆனால் ஆக்களைப் பயப்படுத்தாதையும்" என்றார். நான் பயப்படுத்த வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். என்ரை சித்தப்பாவின் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

சித்தப்பா 1992 இல் இந்த நாட்டுக்கு வந்தவர். முகாமில் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அது வருத்தம் இருக்கிறதா என்று காட்டுமே தவிர, உடம்புக்குள் உறங்குகிற கிருமியைக் காட்டாது. உலகத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அந்தக் கிருமி தொற்றியிருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக வரும். மற்றவர்களில் எதிர்ப்புச் சக்தி அதைக் கட்டிப் போட்டு வைத்திருக்கும்.

அந்தக் கட்டை அவிழ்க்கிற ஒன்றுதான் எங்கடை ஆக்களிடம் நிறைய உள்ள சீனி வருத்தம். தெற்காசிய ஆக்களுக்கு வெள்ளைக்காரரை விட இளவயதிலேயே, அவ்வளவு உடம்பு வைக்காமலே அது வருகிறது. சீனி உள்ளவருக்குக் காசம் வரும் வாய்ப்பு இல்லாதவரைப் போல இரண்டு மூன்று மடங்கு. தமிழ்நாட்டில் காசநோயாளர்களைச் சோதித்து 2012 இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 25 பேருக்குச் சலரோகம் இருந்தது. இன்னும் கிட்டத்தட்ட அதேயளவு பேர் அதன் வாசலில் நின்றார்கள்.

சித்தப்பாவுக்கு 2016 இல் இருமல் தொடங்கியது. அவர் வீட்டில்தான் நானும் இருந்தேன், ஒரே தொழிற்சாலையில்தான் வேலையும். "மண் தூசியடா" என்றார். மெலிந்தார். சித்தி சந்தோசப்பட்டா, சீனி குறையுது என்று. இரவில் வேர்த்தது, கோடை என்றோம். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. மூன்று மாதம் இப்படியே போய், சளியில் இரத்தம் கண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். பிறகு வீட்டில் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை. எனக்கும் தொற்றியிருந்தது. நோயாக மாறாமல் இருக்க நாலு மாதம் குளிசை போட்டேன்.

இனி மருந்து. சாதாரண காசத்துக்கு முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு நாலு மாதம் இரண்டு மருந்து. ஏன் இத்தனை என்று எல்லோரும் கேட்பார்கள். காசக் கிருமி பெருகும்போது தற்செயலாகச் சில மாறிப் பிறக்கும். ஐசோனியசிட் என்ற மருந்தைத் தாங்கக்கூடியது ஏறக்குறைய பத்து இலட்சத்தில் ஒன்று. றிபாம்பிசினைத் தாங்கக்கூடியது ஏறக்குறைய பத்துக் கோடியில் ஒன்று. சுவாசப்பையில் குழி விழுந்துவிட்டால் அந்த ஒரு குழிக்குள்ளேயே பத்துக் கோடி கிருமி இருக்கலாம். ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றதெல்லாம் செத்து, தாங்கக்கூடியது தப்பிப் பெருகிவிடும். 1947 இல் பிரித்தானியாவில் ஸ்ரெப்ரோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது இதுதான் நடந்தது. தேறிய நோயாளர் பலர் திரும்ப விழுந்தார்கள். அதனால்தான் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

இப்ப சீனியை இதற்குள் வைத்துப் பாருங்கோ. இரத்தத்தில் சீனி கூடினால் கிருமியைப் பிடித்து விழுங்குகிற கலங்கள் மந்தமாகிவிடும். கிருமிக் கூட்டம் பெரிதாகும், குழி விழும் வாய்ப்புக் கூடும், மருந்து தொடங்கிய பிறகும் சளி சுத்தமாக நாள் எடுக்கும். சிலரில் றிபாம்பிசின் இரத்தத்தில் போதிய அளவுக்கு ஏறுவதும் இல்லை. பெரிய கூட்டம், கூடிய காலம், குறைந்த மருந்து. மருந்துக்கு அடங்காத கிருமிக்கு இதைவிட வேறென்ன வேணும்? பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததிலும், சீனி உள்ள காசநோயாளரிடம் மருந்துக்கு அடங்காத காசம் கூடுதலாகவே காணப்பட்டிருக்கிறது.

இதற்குள் இன்னொரு சிக்கல். றிபாம்பிசின் ஈரலைத் தூண்டி, சில சீனிக் குளிசைகளைக் கெதியாகக் கரைத்துவிடும். காச மருந்து தொடங்கியதும் சித்தப்பாவுக்குச் சீனி ஏறியது. வைத்தியருக்குத் தெரிந்தால் மருந்தை மாற்றியிருப்பார். ஆனால் சித்தப்பா சீனி வைத்தியரிடம் காசத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஏன் தெரியுமோ? அங்கே வரவேற்பில் வேலை செய்த பிள்ளை எங்கடை பிள்ளை. அந்த நேரம் சித்தப்பாவின் மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். "காசக்காரன் வீடு" என்று ஒரு சொல் வெளியே போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சீனி ஏறுது, கால் எரியுது, சிறுநீர் செம்மஞ்சளாகப் போகுது. எல்லாம் இந்தக் குளிசையாலைதான் என்று நாலாம் மாதம் தானாக நிற்பாட்டிவிட்டார். நிறம் மாறுவது றிபாம்பிசினின் வழமை, கெடுதல் இல்லை. கால் எரிவு சீனியாலும் வரும், ஐசோனியசிட்டாலும் வரும், அதற்கு வைட்டமின் பி6 கொடுப்பார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். இருமல் நின்றுவிட்டதால் நாங்களும் விட்டுவிட்டோம். குளிசைப் பெட்டி குசினி அலுமாரியில் பாதியில் கிடந்ததை நான் கண்டனான். கேட்கவில்லை. பெரியவரிடம் எப்படிக் கேட்கிறது என்று நினைத்தேன்.

2018 கடைசியில் திரும்ப இருமல். இந்த முறை அந்த இரண்டு முக்கிய மருந்தும் வேலை செய்யவில்லை. பல கிழமை தனி அறை, பிறகு எல்லாமாக இருபது மாதம் மருந்து. வேலை போனது. கால் எரிவு இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் ஆள் சுகமாகி விட்டார். இப்போது மருந்து முன்னேறியிருக்கிறது; அடங்காத காசம் உள்ள பலருக்கு ஆறு மாதக் குளிசைகளே போதும் என்று 2022 இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைப்பீர்கள். சித்தப்பா சொன்ன "மண் தூசி" முழுப் பொய்யும் இல்லை. வார்ப்பு மண்ணில் உள்ள சிலிக்கா சுவாசப்பையில் படிந்தால் காசம் வரும் ஆபத்து நன்றாகக் கூடும். தென்னாபிரிக்காவின் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் இதை உயிரைக் கொடுத்து அறிந்தவர்கள். சிகரெட் புகையும் ஆபத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். வாகனப் புகையிலும் விறகுப் புகையிலும் தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவான தூள்கள் இருக்கின்றன. அவை சுவாசப்பையின் அடிவரை போய், கிருமியை விழுங்க வேண்டிய அதே கலங்களை நிரப்பிவிடும். கரித்தூளை விழுங்கிக் களைத்தவன் கிருமியை எப்படி விழுங்குவான்? அந்தத் தூள்களை நெடுங்காலம் சுவாசிப்பவர்களுக்குச் சீனி வருத்தமும் கூட வருகிறது என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. காற்று மாசுக்கும் மருந்துக்கு அடங்காத காசத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. ஆனபடியால் புகைதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். வேலைத்தலத்தில் தரும் முகமூடியை "மூச்சு முட்டுது" என்று கழற்றி வைக்கிற தம்பிமார் இங்கே நாலு பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

தட்டு, கோப்பையைத் தனியாக வைக்கிற அம்மாமாருக்கும் ஒன்று. 1956 இல் சென்னையில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. ஒரு பகுதி நோயாளரை சனற்றோரியத்திலும் மற்றப் பகுதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதேபோலச் சுகமானார்கள். அவர்களின் குடும்பத்தவருக்கு அதனால் நோய் கூடுதலாக வரவும் இல்லை. காசம் பரவுவது காற்றில், கோப்பையில் இல்லை.

மூன்று கிழமைக்கு மேல் இருமல் இருந்தால், அதுவும் சீனி உள்ளவராக இருந்தால், சளியைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கோ. காசம் என்று சொன்னால் சீனியையும் பார்க்கச் சொல்லுங்கோ. இரண்டு வைத்தியருக்கும் இரண்டு வருத்தத்தையும் சொல்லுங்கோ. மொழி தெரியாவிட்டால் நான் கூட வருவேன், பின்னேர வேலைக் கிழமை என்றால் காலையில் நேரம் இருக்கும். கேட்டது என் வாயால் வெளியே போகாது.

சித்தப்பா இந்த மண்டபத்தில் இருக்கிறாரா என்று சிலர் திரும்பிப் பார்க்கிறீர்கள். அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. மகளுக்குக் கலியாணம் நடந்து, பேரப்பிள்ளையும் இருக்கு என்று மட்டும் சொல்லச் சொன்னவர்.

தேத்தண்ணி ஆறுகிறது என்று பின்னாலே கைகாட்டுகிறார்கள்.