பள்ளி நிர்வாகமும் நம் பிள்ளைகளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. இவ்விழாவிலே நம்மை நாமே பாராட்டிக்கொண்டு கலைந்து செல்வது நம் முன்னோர் நமக்குக் காட்டிய வழியன்று. ஆதலின், நம் பிள்ளைகள் பயிலும் அரசுப் பள்ளிகளை ஆளுகின்ற கை எது, அந்தக் கை மாறும்போதெல்லாம் நமக்கு நேர்ந்தது என்ன, இனி நாம் கேட்க வேண்டியது என்ன என்னும் மூன்றையும் பற்றிச் சில கூற விழைகிறோம்.

இதனை இன்று பேசுவதற்குக் காரணம் உண்டு. ஆதிதிராவிடர் நலத்துறை முதலிய பல துறைகள் நடத்தும் பள்ளிகள் யாவும் பள்ளிக் கல்வித் துறையின்கீழ்க் கொண்டுவரப்படும் என்று 2023ஆம் ஆண்டின் தமிழக வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. நாங்குநேரியில் மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு அவர்களின் ஒருநபர் குழுவும் 2024இல் அளித்த அறிக்கையில், பள்ளிகளின் பெயரிலுள்ள சாதி அடையாளங்களை நீக்க வேண்டும் என்றும், அவை யாவும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வரவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. இதனை வரவேற்போர் நம்மிடையே இருக்கின்றனர், அஞ்சுவோரும் இருக்கின்றனர். இரு சாராரும் நம் பிள்ளைகளின் நன்மையையே நாடுகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் முடிவுக்கு வருமுன் வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது கடமையாகும்.

1882ஆம் ஆண்டில் மகாத்மா ஜோதிராவ் புலே ஹண்டர் கல்விக் குழுவின்முன் அளித்த வாக்குமூலத்தில், உழைக்கும் மக்கள் செலுத்தும் வரிப்பணம் மேல்சாதியாரின் உயர்கல்விக்கே செலவாகிறது என்று குற்றஞ்சாட்டினார். நம் சென்னை மாகாணத்தில் 1893ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று பஞ்சமர் பள்ளிகளுக்குத் தனிச் சலுகைகளும் மானியமும் வழங்கிற்று. அதே ஆண்டில்தான் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் கர்னல் ஆல்காட் அடையாற்றுப் பகுதியில் இலவசப் பள்ளியைத் திறந்தார். அக்காலத்தில் சேரிப் பிள்ளைக்கு எழுத்தறிவித்தவை பெரும்பாலும் மிஷன் பள்ளிகளும் இத்தகைய தனியார் முயற்சிகளுமேயாகும். அரசு பணம் தந்தது; பள்ளியைப் பிறர் நடத்தினர்.

அதன்பின் தொடக்கக் கல்வியின் பொறுப்பு ஸ்தல ஸ்தாபனங்களின் கைக்குச் சென்றது. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் அதற்கு வழி வகுத்தது. பொதுப் பள்ளியில் சாதி காரணமாக எவரையும் சேர்க்க மறுத்தல் ஆகாது என்று ஆணைகள் இருந்தன. ஆனால் பள்ளி நடந்த இடம் கோயில் மண்டபமாகவும் அக்கிரகாரமாகவும் இருந்தபோது, அந்த ஆணைகளைப் படித்துக் காட்டுவதற்குக்கூட நம் பிள்ளை அத்தெருவில் கால் வைக்க இயலவில்லை. போர்டுகளில் அமர்ந்தவர்களோ நிலவுடைமையாளர்கள். பண்ணையாளின் பிள்ளை படித்துவிட்டால் மாடு மேய்ப்பார் யார் என்று கேட்டவர்களிடமே பள்ளியின் சாவி இருந்தது.

அந்நிலையில்தான் தொழிலாளர் துறை தோன்றிற்று. பொதுப் பள்ளியில் நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்காத ஊர்களில் அத்துறை தனிப் பள்ளிகளைத் திறந்தது. தாமே ஆசிரியராக விளங்கிய எம்.சி. இராஜா போன்றோர் சட்டமன்றத்தில் நம் மக்களின் கல்விக்காக ஓயாது வாதாடினர். விடுதலைக்குப் பின் அப்பள்ளிகளே அரிஜன நலத்துறைப் பள்ளிகளாகி, பின்னர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. ஆகவே இவற்றை வெறும் ஒதுக்கலின் சின்னங்கள் என்று கூறுவாரை நாம் மறுக்கிறோம். இவற்றைத் தோற்றுவித்தது ஊரின் ஒதுக்கல். அவ்வொதுக்கலை மீறி நம் தலைமுறைகளுக்கு எழுத்தறிவித்தவையோ இப்பள்ளிகள்.

மற்றொன்றையும் நினைவுகூர வேண்டும். 1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தம் என்றதும் தொகுதிகளைப் பற்றியே பேசுகிறோம். ஒவ்வொரு மாகாணத்தின் கல்வி மானியத்திலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் கல்வி வசதிக்கெனப் போதிய தொகையைத் தனியே ஒதுக்க வேண்டும் என்பதும் அவ்வொப்பந்தத்தின் இறுதிக் கூறாகும். அண்ணல் அம்பேத்கர் பெற்றுத் தந்த உறுதிகளில் இதுவும் ஒன்று. தனித் துறையா, பொதுத் துறையா என்பது நிர்வாக முறை. தனித் தொகை என்பதோ நம் உரிமை.

இனி, பொதுப் பள்ளிகளின் கதைக்கு வருவோம். ஜில்லா போர்டுகள் மறைந்தபின் ஊராட்சி ஒன்றியங்கள் தொடக்கப் பள்ளிகளை நடத்தின. 1981ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளில் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். ஒன்றியப் பெருந்தலைவரின் தயவில் வாழ்ந்த ஆசிரியர்க்கு அது விடுதலை. ஆனால் பள்ளியைக் கேள்வி கேட்க வேண்டுமாயின் தொலைவிலுள்ள அலுவலகத்திற்கு மனு எழுத வேண்டிய நிலையும் அதனோடு வந்தது. 1976இல் நிறைவேறிய 42ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குச் சென்றுவிட்டமையால், முடிவெடுக்கும் இடம் தில்லி வரையிலும் நீண்டது.

அப்படியாயின் அதிகாரம் மீண்டும் ஊருக்கே வருதல் நலமன்றோ என்று கேட்கலாம். 1992ஆம் ஆண்டின் 73ஆவது திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்களுள் தொடக்க, இடைநிலைக் கல்வியையும் சேர்த்திருக்கிறது. ஆயினும், 1997ஆம் ஆண்டில் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் கொல்லப்பட்டதை நாம் மறக்க முடியுமா? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் நமக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு 2006 வரையில் முறையான தேர்தல் நடக்கவிடாமல் செய்ததை மறக்க முடியுமா? ஊராரின் ஆட்சி என்று சொல்லப்படுவது நம் ஆட்சியாக இருந்துவிடுவதில்லை. தலைநகரின் ஆட்சி நமக்குத் தொலைவு. ஊரின் ஆட்சியோ பல இடங்களில் நமக்குப் பகை. இவ்விரண்டிற்கும் இடையில்தான் நம் பிள்ளைகளின் கல்வி அல்லற்படுகிறது.

ஆதலின் இணைப்பு வேண்டுமா, வேண்டாமா என்று மட்டும் கேட்பது போதாது. இணைப்பினால் சில நன்மைகள் விளையக்கூடும். நலத்துறையின் மாவட்ட அலுவலர் பொதுவாக வருவாய்த் துறையிலிருந்து வருபவர். பட்டா, வீட்டுமனை, விடுதி ஆகியவற்றின் நடுவே பள்ளியும் அவருக்கு ஒரு கோப்பு. பாடம் நடக்கிறதா என்று பார்ப்பதற்கு ஆசிரியப் பணி அறிந்த மேற்பார்வை வேண்டும். பள்ளியின் பெயர்ப்பலகையே பிள்ளையின் சாதியை ஊருக்கு அறிவித்தலும் தொடரத் தக்கதன்று. 2025இல் நல விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் எனப் பெயரிடப்பட்டதும் இக்கருத்தினாலேயே ஆகும்.

ஆனால் பெயர் மாறியபின் கூரை ஒழுகுமாயின் அம்மாற்றத்தால் பயனென்ன? எனவே, இணைப்பு எப்போது நிகழினும், எவ்வடிவில் நிகழினும், நாம் வற்புறுத்த வேண்டியவை நான்கு.

முதலாவது, பணம். 1979-80ஆம் ஆண்டளவில் தொடங்கிய சிறப்புக் கூறுத் திட்டம் நம் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கை ஒதுக்கச் சொல்கிறது. 2024இல் தமிழகம் இதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றியுள்ளது. பள்ளிகள் பொதுத் துறையில் கரையும்போது இத்தொகையும் அதிற் கரைந்துவிடலாகாது. எந்தப் பள்ளிக்கு எவ்வளவு என்னும் கணக்கு ஆண்டுதோறும் வெளியிடப்பெற வேண்டும்.

இரண்டாவது, பள்ளியின் இருப்பு. சேரியின் நடுவிலுள்ள சிறு பள்ளியை, மாணவர் தொகை குறைவு என்று கூறி மூடி, ஊர்ப் பள்ளியோடு சேர்த்தல் கூடாது. கோப்பில் ஒரு கிலோமீட்டர் என்றிருப்பது, ஆறு வயதுச் சிறுமிக்கு ஊர்த் தெரு வழியே நடக்க வேண்டிய ஒரு கிலோமீட்டராகும். பள்ளி மனையும் விளையாட்டிடமும் பிறர் கைக்குப் போகாதவாறு ஆவணமாக வேண்டும்.

மூன்றாவது, ஆசிரியர். காலிப் பணியிடங்களை நிரப்பியபின் இணைக்க வேண்டும். இணைத்தபின் நிரப்புவோம் என்னும் வாக்குறுதியை நாம் ஏற்பதற்கில்லை. இப்பள்ளிகளில் பணியாற்றும் நம் ஆசிரியர்களின் பணிமூப்பும் பதவி உயர்வும் காக்கப்பட வேண்டும்.

நான்காவது, எல்லாவற்றிலும் தலையாயது, பெற்றோரின் அதிகாரம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அரசுப் பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு அமையுமாறு விதிக்கிறது. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவினரின் பெற்றோர்க்கு விகிதாசாரப்படி இடம். பள்ளி நடக்கும் முறையைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், மானியம் செலவாகும் விதத்தைக் கவனிப்பதும் அக்குழுவின் பணிகள். தலைநகரின் தொலைவுக்கும் ஊரின் பகைக்கும் இடையே நமக்கென எழுதப்பெற்ற இருக்கை அது.

அவ்விருக்கையில் நாம் அமர்ந்திருக்கிறோமா? பகற்பொழுதில் கூட்டம் கூடினால், களையெடுக்கப் போகும் தாய் ஒருநாள் கூலியை இழந்தன்றோ வரவேண்டும்! வாராதவளின் கையொப்பத்தைப் பின்னர் வீடு தேடிவந்து பெற்றுச் செல்வது கூட்டமாகாது. மாலையில் கூட்டம் வைக்கக் கோருவோம். வரவு செலவுக் கணக்கைத் தமிழில் உரக்கப் படிக்கச் சொல்வோம். கழிப்பறை கழுவ அனுப்பப்படும் பிள்ளை எந்தத் தெருப் பிள்ளை, சத்துணவுப் பந்தியில் யார் எங்கே அமர்த்தப்படுகிறார் என்று கேட்டு, விடையைக் குழுவின் குறிப்பேட்டில் எழுதச் செய்வோம். எழுத்தில் ஏறிய குறையை எளிதில் மறைத்துவிட முடியாது.

இதற்கு நம் சங்கம் செய்யக்கூடியது உண்டு. இதுகாறும் மாணவர்க்கு மாலை வகுப்பு நடத்தினோம், பாடநூல் வழங்கினோம். இனிப் பெற்றோர்க்கும் வகுப்பு நடத்துவோம். குழுவில் இடம்பெற்ற ஒவ்வொரு தாய்க்கும் அச்சட்டத்தை வாசித்துப் பொருள் கூறுவோம். கணக்குப் பார்க்கத் தெரிந்த நம் பட்டதாரி இளைஞர், கூட்டத்திற்கு முதல்நாள் அவளோடு அமர்ந்து கணக்கைப் பார்ப்பாராக. இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. மாதம் இரண்டு மாலைப்பொழுதுகள் போதும்.

நம் பாட்டனார் பள்ளியின் வாயிலுக்கு வெளியே நின்றனர். நம் தந்தையார் உள்ளே சென்று கடைசி வரிசையில் அமர்ந்தனர். நாம் படித்துப் பட்டம் பெற்றோம். நம் பெண்மக்கள் அப்பள்ளியின் நிர்வாகக் குழுவில் அமர்ந்து கணக்குக் கேட்பதே அடுத்த படியாகும். அப்படியில் ஏறுவதற்கான முதல் பெற்றோர் வகுப்பை இம்மாதமே தொடங்குவோம்.