இரவில் முனகும் இல்லங்கள்



பழைய வீடொன்றில் இரவைக் கழித்தவர்கள் ஒருமுறையேனும் செவி கூர்ந்து விழித்துக் கிடந்திருப்பர். விளக்கை அணைத்த பின் முகட்டிலே 'டக்' என்றோர் ஒலி. சிறிது நேரத்தில் மேலே யாரோ மெல்ல நடப்பது போன்ற அரவம். சாத்தி வைத்த கதவு தானே திறக்கின்றது. எங்கிருந்தோ வந்த குளிர்காற்றொன்று பிடரியைத் தொட்டுச் செல்கின்றது. மறுநாட் காலையில், "இந்த வீட்டில் ஏதோ இருக்கிறது" என்னும் சொல் பிறந்துவிடுகின்றது.

அச்சொல் பிறப்பது எளிது. அதனைப் போக்குவதோ அரிது. 'பேய் வீடு' எனப் பெயரெடுத்த வீட்டிற்கு வாடகைக்கு வருவார் இலர். பூட்டிய வீட்டிற் கறையான் குடியேறும். சில மாரிகளில் முகடு சரியும். ஆளற்ற வீடு எத்துணை விரைவில் அழியும் என்பதை, 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் ஊர் திரும்பிய வலிகாமத்து மக்கள் நன்கறிவர். இன்னொரு புறம், பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட, பெரிய நாற்சார் வீட்டிலே தனித்துறையும் முதியோரும் உளர். அவர்களுக்கு இரவுதோறும் உறக்கம் பறிபோகின்றது. ஆதலின் இவ்வொலிகளின் காரணத்தை ஆராய்வது வெறும் பொழுதுபோக்கன்று.

இவ்வரவங்கள் இரவிலே மிகுவது ஏன்? முதலாவது, பகலின் இரைச்சல் அடங்கிவிடுகின்றது. பகலிலும் முகடு ஒலிக்கத்தான் செய்கின்றது, நாம் கேட்பதில்லை. இரண்டாவது, தெளிந்த இரவில் நிலம் விரைவாகக் குளிர்ந்து, அதனை அடுத்துள்ள காற்றையும் குளிரச் செய்கின்றது. மேலேயுள்ள காற்றோ சற்று வெப்பமாகவே இருக்கும். இந்நிலையில் மேனோக்கிச் செல்லும் ஒலி வளைந்து மீண்டும் நிலத்தை நோக்கி வருகின்றது. அதனாலேயே தொலைவிலுள்ள கடலின் இரைச்சலும், புகைவண்டியின் ஓசையும், அயலூர் நாயின் ஊளையும் நம் முற்றத்திலே கேட்கின்றன.

இனி முகட்டைப் பார்ப்போம். வெப்பத்தால் விரிவதும் குளிரால் ஒடுங்குவதும் பொருள்களின் இயல்பு. 6 மீற்றர் நீளமான கூரைத் தகரம் ஒன்று 30 பாகை செல்சியசு குளிர்ந்தால் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் ஒடுங்கும். ஆணி அதனைப் பிடித்திருப்பதால் உடனே நகர முடிவதில்லை. இழுவிசை மெல்ல மெல்லச் சேர்ந்து, ஒரு கணத்திலே பிடி நழுவுகின்றது. நாம் கேட்கும் 'டக்' என்னும் ஒலி அதுவே. மரமோ, வெப்பத்தினும் மிகுதியாக ஈரத்திற்கே இணங்குவது. ஈரம் ஏறினால் உப்பும், உலர்ந்தால் வற்றும். வளையும் கைமரமும் ஒன்றையொன்று பொருந்தும் இடங்களில் இவ்வசைவு முனகலாக வெளிப்படுகின்றது. இவ்வொலிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது இடைவெளியில் எழும்போது, அச்சமுற்ற மனம் அவற்றைக் காலடியோசையாகக் கோத்துக்கொள்கின்றது.

அடுத்தது காற்று. வெறும் போத்தலின் வாய்க்குக் குறுக்கே ஊதிப் பாருங்கள். 'ஊம்' என்று ஒலிக்கும். முற்றத்தில் வைத்த வெறுங்குடத்தின் வாயைக் காற்று உராயும்போதும் நிகழ்வது அதுவே. கொடிக்கயிறாகக் கட்டிய கம்பியும் பாடவல்லது. காற்று அதனைக் கடக்கும்போது இருபுறமும் மாறிமாறிச் சுழிகள் எழுகின்றன. இதனை 1878ஆம் ஆண்டிலே சுத்திரௌகால் என்னும் அறிஞர் அளந்து காட்டினார். 2 மில்லிமீற்றர் தடித்த கம்பியைக் காற்றானது வினாடிக்கு 5 மீற்றர் வேகத்திற் கடந்தால், வினாடிக்கு ஏறத்தாழ 500 அதிர்வுகள் கொண்ட ஒலி பிறக்கும். அது தெளிவாகக் கேட்கக்கூடிய ஊளை. சோழகம் வீசுங் காலத்தில் மட்டும் அழுது, வாடை வீசுங் காலத்தில் அமைதியுறும் வீட்டைப்பற்றி யாரேனும் கூறின், அங்கே அழுவது ஆவியன்று. காற்றின் திசைக்கு நேரே இருக்கும் ஏதோவொரு துளை அல்லது கம்பி.

பிடரியைத் தொடும் குளிருக்கும் காரணம் உண்டு. பகலெல்லாம் வெயில் குடித்த தடித்த முருகைக்கற் சுவர்கள் நள்ளிரவுவரை சூட்டை வெளிவிடுகின்றன. சூடேறிய காற்று மேலெழுந்து ஓட்டின் இடைவெளிகளால் வெளியேற, அதனை ஈடு செய்ய வெளியிலுள்ள குளிர்காற்று கதவின் அடியாலும் திறப்புத் துவாரத்தாலும் உள்ளே நுழைகின்றது. வியர்வை ஈரமுள்ள கழுத்திலே அது படும்போது உடல் சிலிர்க்கின்றது. கதவு தானே அசைவதும் இவ்வாறே. வினாடிக்கு 4 மீற்றர் வேகமுள்ள மிதமான காற்றும், 2 சதுர மீற்றர் பரப்புள்ள கதவை ஏறத்தாழ 2 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு தள்ளவல்லது. அத்திவாரம் சற்றே தாழ்ந்து நிலை சரிந்திருப்பின், காற்றும் வேண்டுவதில்லை. கதவு தன் எடையாலேயே திரும்பும்.

உயிருள்ள விருந்தினரையும் மறக்கலாகாது. ஓடு புரண்டு, உத்தரத்தில் ஓடி, நள்ளிரவிலே பெருஞ் சத்தமிடுவது பெரும்பாலும் மரநாய். கூரையிடுக்கிற் சீறியும் வீரிட்டும் ஒலிப்பது வெண்முகக் கூகை. அதன் குரல் கொடிது. ஆயின் அது எலிகளை உண்டு நமக்கு உதவும் பறவை. சுவரிலே கொட்டமிடும் பல்லிக்கோ பலன் சொல்லும் நூலே நம்மிடம் உண்டு!

இதுவரை கூறியவை தீங்கற்றவை. ஆனால் அசட்டை செய்யத்தகாத அறிகுறிகள் இரண்டு உள. ஒன்று, மரத்தினுள்ளே எழும் மெல்லிய தட்டொலி. கறையானிற் காவல் செய்யும் இனம், அபாயம் நேரின் தலையை மரத்தில் மோதி எச்சரிக்கும். அவ்வொலி கேட்ட வளையை விரலாற் தட்டிப் பாருங்கள். பொள்ளென ஒலித்தால் உடனே தச்சரை அழையுங்கள். அங்கே கழிப்புக் கழிப்பித்துவிட்டு வாளாவிருப்பின், ஒருநாள் அந்த வளை உறங்குவோர் மேல் விழும்.

மற்றையது இன்னும் கொடியது. 1921ஆம் ஆண்டில் அமெரிக்கக் கண் மருத்துவரான வில்மர் ஒரு குடும்பத்தின் வரலாற்றை வெளியிட்டார். புதிதாகக் குடியேறிய பழைய வீட்டிலே அவர்கள் காலடியோசை கேட்டனர், உருவங்களைக் கண்டனர், தலைவலியும் சோர்வும் உற்றனர். ஆராய்ந்தபோது, வீட்டைச் சூடாக்கும் உலையின் புகை வெளியேறாது அறைகளுட் புகுந்தமை தெரிந்தது. புகையிலிருந்த காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சு அவர்களின் மூளையை மயக்கியிருந்தது. உலையைச் சீர்செய்ததும் ஆவிகள் அகன்றன. நம் நாட்டில் அத்தகைய உலைகள் இல்லை. ஆயினும் மின்வெட்டு வேளையில் மின்பிறப்பாக்கியை வீட்டினுள் இயக்குவோரும், மூடிய அறையில் கரித்தணல் வைப்போரும் அந்நஞ்சையே அழைக்கின்றனர். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஒரே அறையில் உள்ள பலருக்கும் ஒருசேரத் தலைவலியும் மயக்கமும் தோன்றின், காரணம் தேடி நில்லாது முதலில் வெளியே வாருங்கள்.

ஆராயும் முறை எளிது. ஒலி கேட்ட நேரம், இடம், காற்றின் திசை ஆகியவற்றை ஒரு வாரம் கொப்பியிற் குறித்து வாருங்கள். முன்னிரவில் மட்டும் கேட்பது கூரையின் ஒடுக்கம். காற்றோடு வந்து காற்றோடு போவது துவாரம். ஓடி நின்று மீண்டும் ஓடுவது விலங்கு. ஊதுபத்தியொன்றைக் கொளுத்தி, கதவோரமும் யன்னலோரமும் மெல்லக் கொண்டு செல்லுங்கள். புகை வளையும் இடத்திலே இடைவெளி உண்டு. பிணைச்சலுக்குச் சிறிது எண்ணெய், இடுக்கிற்குச் சிறிது சாந்து, கதவடிக்கு ஒரு சாக்குத் துண்டு. பல ஆவிகள் இவற்றுக்கே அடங்கிவிடும்.

இறுதியாக ஒன்று. அஞ்சியவரை நகையாடாதீர்கள். அவர் கேட்ட ஒலி உண்மை. உணர்ந்த குளிரும் உண்மை. காரணம் மட்டுமே அவருக்குத் தெரியவில்லை. தனித்திருக்கும் பாட்டி, "மேலே யாரோ நடக்கிறார்கள்" என்று கூறின், "அப்படி ஒன்றுமில்லை" எனத் தட்டிக் கழியாது, கைவிளக்கோடு ஏணியில் ஏறிப் பாருங்கள். முகட்டில் மரநாயைக் காணலாம். உளுத்த வளையையும் காணலாம். எதுவாயினும், அன்றிரவு அந்த வீட்டில் ஒருவர் நிம்மதியாக உறங்குவார்.