நிணநீர் மசாஜ்: யாருக்கு உதவும், யாருக்கு உதவாது

(நம் குடியிருப்பின் மூத்தோர் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கொஞ்ச நாளாக நம் வாட்ஸ்அப் குழுவில் 'லிம்பாட்டிக் டிரெயினேஜ் மசாஜ்' என்று விளம்பரங்கள் வருகின்றன. கால் வீக்கம் வடியும், எடை குறையும், உடம்பில் உள்ள நச்சு வெளியேறும், பத்து முறை வந்தால் இரண்டு முறை இலவசம் என்கிறார்கள். "இது நல்லதா சார்?" என்று லிஃப்டில் என்னைக் கேட்டவர்கள் உண்டு. என் மனைவிக்கு நான்கு வருடமாக இந்தச் சிகிச்சை நடக்கிறது என்பதால் கேட்கிறார்கள். அவர் சம்மதத்தோடுதான் இன்று பேசுகிறேன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, சரியாகச் சொல்கிறேனா என்று கவனித்துக்கொண்டும் இருக்கிறார். நான் டாக்டர் இல்லை. 35 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த கணக்கு வழியிலேயே சொல்கிறேன்.

முதலில், நிணநீர் என்றால் என்ன?

ரத்தம் மிக நுண்ணிய குழாய்களில் ஓடும்போது அதிலிருந்து நீர் கசிந்து சுற்றியுள்ள தசைக்கும் தோலுக்கும் போகிறது. பாடப்புத்தகங்கள் தரும் தோராயக் கணக்குப்படி ஒரு நாளைக்கு 20 லிட்டர் வெளியே போகிறது. 17 லிட்டர் ரத்தக் குழாய்க்கே திரும்பிவிடுகிறது. மீதி 3 லிட்டர் எங்கே? பற்றும் வரவும் டேலி ஆக வேண்டுமே! அந்த 3 லிட்டரையும், கூடவே கசிந்த புரதத்தையும் திரட்டிக் கொண்டுபோய் மறுபடி ரத்தத்தில் வரவு வைப்பவை நிணநீர்க் குழாய்கள். வழியில் சுமார் 600 நிணநீர்க் கணுக்கள் சோதனைச் சாவடி போல நின்று கிருமிகளை வடிகட்டுகின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் 'நெறி கட்டியிருக்கு' என்று பாட்டிமார் சொல்வார்களே, அது இந்தக் கணு வீங்குவதுதான்.

ரத்தத்துக்கு இதயம் இருப்பதுபோல் நிணநீருக்குத் தனியாக ஒரு பம்ப் கிடையாது. அந்தக் குழாய்கள் தாமே சுருங்கி விரிவதும், நம் கைகால் அசைவும், மூச்சு இழுத்து விடுவதும்தான் அதை மேலே தள்ளுகின்றன. கடைசியில் கழுத்துக்குக் கீழே, காறை எலும்புக்குப் பின்னால் உள்ள பெரிய ரத்தக் குழாயில் அது போய்ச் சேர்கிறது.

இந்த வழி அடைபட்டால் வருவதுதான் 'லிம்பெடீமா' என்ற வீக்கம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்யும்போது அக்குளில் உள்ள கணுக்களையும் எடுக்க வேண்டி வரலாம். அக்குள் கணுக்களை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்குப் பிற்பாடு கை வீங்குகிறது. முதல் கணுவை மட்டும் எடுத்துச் சோதித்து அத்துடன் நிறுத்தினால், அது 20 பேரில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைகிறது. கதிரியக்கச் சிகிச்சையாலும் வரலாம். நம் ஊர்களில் பலரும் பார்த்திருக்கும் யானைக்கால் வீக்கமும் இதே கணக்குதான். கொசு மூலம் வரும் புழு அந்தக் குழாய்களைக் கெடுத்துவிடுகிறது.

இதற்குக் கையால் வழி செய்து கொடுக்கும் முறையை உருவாக்கியவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், அவர் மனைவி எஸ்ட்ரிட். 1930-களில் பிரான்சில் வேலை பார்த்தபோது இதைக் கண்டறிந்து, 1936-ல் பாரிஸில் அறிமுகப்படுத்தினார்கள். பிறகு ஜெர்மனியில் ஃபோல்டி என்ற மருத்துவத் தம்பதி, மசாஜோடு பேண்டேஜ், உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு மூன்றையும் சேர்த்து முழுச் சிகிச்சையாக வளர்த்தார்கள்.

மசாஜ் என்றதும் எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடுவது ஞாபகம் வரும். இது அப்படி இல்லை. நிணநீரின் நுனிக் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருப்பதால் தோலை மட்டும் மெதுவாக இழுத்து விடுகிறார்கள். பொதுவாக எண்ணெய் கிடையாது, வலியும் இருக்கக் கூடாது. வீங்கிய இடத்தில் ஆரம்பிப்பதும் இல்லை. போன வருடம் நம் பி பிளாக்கில் டிரெயினேஜ் அடைத்தபோது பிளம்பர் மூன்றாம் மாடிக்கு ஏறவில்லை. முதலில் கீழே மெயின் சேம்பரைத் திறந்தார். இங்கும் அதே வரிசைதான். முதலில் ஆழமாக மூச்சு, பிறகு கழுத்து, நல்ல பக்கத்து அக்குள், மார்பின் குறுக்கே, தோள், மேல் கை. முன்கையும் விரல்களும் கடைசி.

பலன் எவ்வளவு? 2015-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு வரும் கை வீக்கம் பற்றிய 6 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பேண்டேஜ் மட்டும் கட்டியதிலேயே வீக்கம் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. மசாஜும் சேர்ந்தபோது கூடுதலாகக் கிடைத்தது ஏறக்குறைய 7 சதவீதம். ஆரம்ப நிலையில் உள்ளவர்களுக்கு அந்தக் கூடுதல் பலன் நன்றாகத் தெரிந்தது. ஆகவே அசல் பேண்டேஜ், மசாஜ் அதன்மேல் வட்டி. அசல் இல்லாமல் வட்டி மட்டும் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வங்கியில் இருந்தவனுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்?

எங்கள் வீட்டு அனுபவமும் அதுதான். ஆரம்பத்தில் என் மனைவியின் இடது முன்கை, வலது கையைவிட 4 செ.மீ. பெரிதாக இருந்தது. மூன்று வாரம் தினமும் மசாஜ், பல அடுக்குப் பேண்டேஜ், பேண்டேஜோடேயே பயிற்சி. பிறகு பகலில் அழுத்த உறை, அதாவது கம்ப்ரஷன் ஸ்லீவ். இப்போது வித்தியாசம் 1.5 செ.மீ. வாரம் ஒருமுறை ஒரே இடங்களில் இன்ச் டேப் வைத்து அளந்து நான் நோட்டில் எழுதுகிறேன். கல்யாணம், பயணம் என்று ஸ்லீவ் போடாத வாரங்களில் எண் ஏறியிருக்கும். நோட்டு பொய் சொல்லாது. நடுவில் ஓர் இடத்தில் விசாரித்தோம். பேண்டேஜே வேண்டாம், 15 முறை வந்தால் சரியாகிவிடும் என்றார்கள். கையை அளந்துகூடப் பார்க்கவில்லை. எழுந்து வந்துவிட்டோம்.

இப்போது நம் வயதுக்காரர்கள் கவனமாகக் கேட்க வேண்டியது. நம்மில் பலருக்கு மாலையில் கால் வீங்குகிறது. இரண்டு காலும் வீங்கினால் காரணம் இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, கால் நரம்புச் சுருட்டல் எதுவாகவும் இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையாலும் வரலாம். அதற்காக நீங்களே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் மசாஜுக்குப் போனால் பணம் போவதோடு, நோயைக் கண்டுபிடிப்பதும் தள்ளிப்போகும்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தொட்டுப் பிடிக்கவே கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோல் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் கிருமித் தொற்று. அப்போதும் மசாஜ் கூடாது. இதயம் பலவீனமானவர்களும் சிறுநீரகம் செயலிழந்தவர்களும் டாக்டர் சம்மதம் இல்லாமல் செய்துகொள்ளக் கூடாது. புற்றுநோய்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் அந்த டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

எடை குறைவது? வடிவது நீர், கொழுப்பு அல்ல. நச்சு வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருக்கின்றன. ஆரோக்கியமாக இருப்பவருக்கு இந்த மசாஜ் கொஞ்சம் இதமாக இருக்கும், தூக்கம் வரும். அதற்குப் பணம் கொடுக்க இஷ்டமென்றால் கொடுங்கள். வைத்தியம் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்.

உண்மையிலேயே தேவைப்படுபவர்கள் புற்றுநோய் டாக்டர் மூலமாகப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். லிம்பெடீமாவுக்கென்று தனிப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா, எத்தனை மணி நேரம்? அமெரிக்காவில் இதற்குச் சான்றிதழ் வாங்க 135 மணி நேரப் பயிற்சி கேட்கிறார்கள். அடுத்து, பேண்டேஜும் கட்டுவீர்களா? மூன்றாவது, வீட்டில் நாங்களே செய்யக் கற்றுத்தருவீர்களா? நல்லவர்கள் கற்றுத்தருவார்கள். ஏனென்றால் இது ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியது.

தோலைப் பார்த்துக்கொள்வதும் சிகிச்சையில் பாதி. தினம் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். செடிக்கு மண் கிளறும்போது கையுறை போடுங்கள். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். தொற்று வரும் ஒவ்வொரு முறையும் வீக்கம் கூடுகிறது.

கடைசியாக ஒன்று. இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் பலர் வெளியே சொல்வதில்லை. வளையல் இறுகுகிறது, மோதிரம் கழற்ற வரவில்லை, ஜாக்கெட்டின் ஒரு கை மட்டும் பிடிக்கிறது, கை கனமாக இருக்கிறது என்றால் அதுதான் ஆரம்ப அறிகுறி. வருடக்கணக்கில் விட்டால் தோல் தடித்து இறுகிவிடும், பிறகு குறைப்பது கஷ்டம். ஆரம்பத்திலேயே போனால் நன்றாகக் கட்டுப்படும். ஆண்களுக்கும் சொல்கிறேன்: அளப்பது, பேண்டேஜ் சுற்றுவது எல்லாம் ஒரு கையால் முடியாத வேலை, கூட இருங்கள்.

பெண்கள் யாராவது தனியாகப் பேச விரும்பினால் என் மனைவி எந்த மாலையும் தயாராக இருக்கிறார். கை அளவைக் குறித்துவைக்கும் தாளின் பிரதிகள் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன, பெயர் சொல்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.