மாடி மீது ஒரு பசுங்கூரை
(பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓலைக் கூரைகளும் ஓட்டு வீடுகளும் அருகி, பாளையங்கோட்டைத் தெருக்களில் காங்கிரீட் வீடுகள் பெருகிவிட்டன. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம், இரவிலே அதனை வீட்டுக்குள் கக்குகிறது. சித்திரை, வைகாசியில் மேல்மாடியில் உறங்கும் முதியோரும் கைக்குழந்தைகளும் படும் அவதியை நாம் அறிவோம். இதற்கொரு பரிகாரம் பசுங்கூரை.

பசுங்கூரை என்பது என்ன? தொட்டிகளையும் பைகளையும் வைத்துச் செடி வளர்ப்பது மாடித் தோட்டம். தளத்தின் மீதே மண்படுகை அமைத்து வளர்ப்பது பசுங்கூரை. செடிகள் தளத்துக்கு நிழல் தருகின்றன. இலைகளும் ஈரமண்ணும் நீரை ஆவியாக்கி வெப்பத்தைத் தணிக்கின்றன.

இது முற்றிலும் புதியதன்று. நம் முன்னோர் கூரைமேல் சுரையும் பூசணியும் படரவிட்டனர். நார்வே நாட்டார் மரக்கூரைமீது மரப்பட்டை விரித்துப் புல்மண் பரப்பினர். ஐதராபாத்தில், குடியரசுத் தலைவராயிருந்த நம் அப்துல் கலாம் அவர்கள் 2004-ஆம் ஆண்டு திறந்துவைத்த சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையத்தின் கூரையும் தோட்டமாகவே அமைந்தது.

ஆனால் ஆசைப்பட்டவுடன் மண்ணை மாடிக்கு ஏற்றிவிடலாகாது. 10 அடிக்கு 10 அடி இடத்தில் 4 அங்குல உயரத்துக்குப் பரப்பிய மண், நனைந்தால் ஏறக்குறைய 1,700 கிலோ நிறுக்கும். ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடி அதே பரப்பில் சுமார் 1,400 கிலோ தாங்கவேண்டும் என்பதே இந்தியத் தரவிதியின் பொதுக் கணக்கு. கணக்குப் பாராமல் மண் கொட்டுவது நம் தலைமேல் நாமே பாரம் ஏற்றுவதாகும்.

நீரும் அப்படியே. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்துவிட்டோமா? மழைநீர்க் குழாய் அடைபட்டு, அதே 100 சதுர அடியில் ஓரடி நீர் தேங்கினால் சுமை 2,800 கிலோவைத் தாண்டும்.

ஆகவே முறை இது: முதலில் நீர் கசியாத பூச்சு, அதன்மேல் வேர் துளைக்காத விரிப்பு, பின்பு நீர் வடியச் சரளைக்கல், மண் கரைந்தோடாதிருக்க வடிதுணி, கடைசியில் தென்னைநார்க் கழிவு கலந்த இலகுவான மண். அதிலே கீரையோ, புல்லோ, நித்தியகல்யாணியோ வளரட்டும். பறவை எச்சத்தில் முளைக்கும் அரசையும் ஆலையும் கண்டவுடன் பிடுங்கிவிடுங்கள். பழஞ்சுவர்களை அவை பிளந்திருப்பதை நாம் காணாததல்லவே!

புது வீடு கட்டுவோர் வரைபடம் போடும்போதே பொறியாளரிடம் சொல்லுங்கள். பழைய வீட்டுக்காரர்கள் அவரிடம் தளத்தைக் காட்டிய பின்னரே மண்ணை ஏற்றுங்கள். அதுவரை கீழே சுவர் தாங்கும் ஓரங்களில் சில பைகள் போதும். தமிழகத் தோட்டக்கலைத் துறை 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய திட்டமும் இத்தகைய பைகளைக் கொண்டதே.

நிழல் தரும் மரத்தை நம் பெற்றோர் முற்றத்தில் நட்டார்கள். முற்றம் இழந்த நாம் மாடியிலாவது பசுமையை வளர்ப்போம். அதைத் தாங்கும் தளத்தை முதலில் உறுதி செய்வோம்.