அழுகையும் நகையும்: 'பாசமலர்' கண்ட அவைகள்



தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் முதலாவது நகை, அடுத்தது அழுகை. ஒரு காலத்து அவையில் அழுகையைத் தோற்றுவித்த திரைப்படம், பிறிதொரு காலத்து அவையில் நகையைத் தோற்றுவித்தது ஏன் என்பதே இவ்வுரையின் பொருள்.

1961இல் பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்தது 'பாசமலர்'. ஆரூர்தாஸ் உரையாடல் எழுத, சிவாஜி கணேசனும் சாவித்திரியும் அண்ணன் தங்கையராக நடித்தனர். அரங்குகள் அழுதன. மறு ஆண்டே அக்கதை இந்தியிலும் தெலுங்கிலும் படமாயிற்று. பின்னாளில் அதே தலைப்பு, அளவு கடந்து அன்பு பாராட்டும் உடன்பிறந்தாரைக் கேலி செய்யும் சொல்லாயிற்று. பலகுரல் கலைஞர் அப்பட வசனத்தைப் பேசிக்காட்ட, அவையோர் சிரித்தனர்.

'மிகை' என்பது பிற்காலத்தார் தீர்ப்பு. அழுகைக்குத் தொல்காப்பியர் வகுத்த நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. நான்கும் அப்படத்தில் உள. வறுமையில் தொடங்கிச் செல்வனாகும் அண்ணன், தங்கையின் புகுந்த வீட்டாரால் இளிவுறுகிறான், முன்னைய நிலை கெடுகிறான், கண்ணொளி இழக்கிறான், முடிவில் இருவரும் ஒருங்கே மடிகின்றனர்.

உற்றவன் உணர்ச்சி காண்போரைச் சென்று எய்துவதே மெய்ப்பாடு என்னும் செயிற்றியனார் கருத்தை இளம்பூரணர் எடுத்துக்காட்டுவார். எனவே, காண்போர் வாழ்வையும் நோக்குதல் வேண்டும். 1961இல் அரங்கில் அமர்ந்திருந்த பெண்ணுக்கு இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை இல்லை. பிறந்தகம் திரும்ப அவளுக்கிருந்த வாயில் அண்ணன் மனமே. அது அடைபடும் காட்சி அவளுடைய சொந்த அச்சம். நாடக மேடையின் உரத்த குரலுக்குப் பழகிய செவியும் அக்கால அவைக்கு இருந்தது. 1978இல் மகேந்திரன் அண்ணன் தங்கை அன்பை 'முள்ளும் மலரும்' படத்தில் குறைந்த சொற்களால் காட்டியபோது, செவியின் பழக்கமும் மாறிவந்தது.

1989இல் தமிழகச் சட்டம், அன்று மணமாகாதிருந்த மகளிர்க்குப் பூர்வீகச் சொத்தில் பங்குரிமை அளித்தது. 2005இல் நடுவண் சட்டம் மணமானவரையும் சேர்த்தது. படித்து, பணிபுரிந்து, தன் பெயரில் வீடு வாங்கிய பெண் அப்படத்தைக் கண்டு சிரித்தால், பழைய அச்சம் அவளை விட்டு நீங்கியது எனலாம். ஆயினும், 'பங்கு வேண்டா' என விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டு, அண்ணன் வீட்டு வாயிலைத் திறந்தே வைத்துக்கொள்ளும் தங்கையர் இன்றும் பத்திரப் பதிவு அலுவலகங்களில் காத்து நிற்கின்றனர். அவருள் ஒருத்தி தொலைக்காட்சியில் அப்படத்தைக் காணுங்கால், அருகிலிருக்கும் மகள் சிரிக்க, அவள் அழக்கூடும்.

உணர்ச்சியைச் சுருக்குதலே கவிதைக்கு அழகென இன்று பலர் கொள்வர். அக்கொள்கையில் நன்மை உண்டு. எனினும், ஓர் அழுகையை மிகையெனத் தள்ளுமுன், அது யாருடைய அழுகை, அவள் இழந்தது யாது என வினவுதல் கவிஞர் கடன். பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் கவிஞர்கள் அக்கடனை மறவாதிருப்பார்களாக.